பட்டியலில் ஏழாவது பெயர்

போன வாரம் இரண்டு இளம் அதிகாரிகள் மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்கள். அவர்களில் ஒருவர் டி.எஸ்.பி. நான் ஓய்வுபெற்று எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். சிறைகளுக்குள் நடக்கும் ஊழலை விசாரிப்பது மட்டுமே எங்கள் பிரிவின் வேலை. புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்களாம். சாட்சியைக் காப்பது எப்படி என்று நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம்.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். முட்டி வலி, நிற்க முடியாது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். அதற்கும் ஏதோ சொன்னேன்.

"இப்ப ரொம்ப சுலபம் சார்" என்றார் டி.எஸ்.பி. "நாங்க ஜெயிலுக்கே போறதில்ல. கைதிகிட்ட வீடியோவுலயே வாக்குமூலம் வாங்கிடறோம். கேட் புக் கிடையாது, கையெழுத்து கிடையாது."

"யாரு எவ்வளவு நேரம் பேசினாங்கன்னு பதிவாகுமா?"

"தானா பதிவாயிடும் சார். ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், நொடி வரைக்கும் வந்துடும். யாரும் திருத்தவே முடியாது."

"அதை யாரெல்லாம் பார்க்கலாம்?"

"ஜெயில் ஆபீஸ்ல பார்க்கலாம் சார். அவங்க சிஸ்டம்தானே."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. ஏன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பேச முடியாததை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதுவது இதுதான்.

என் ஆரம்ப காலம் எல்லோருக்கும் போலத்தான். சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, வடபழனியில் கல்யாண மண்டபத்துச் செருப்புத் திருட்டிலிருந்து கொலை வரை பார்த்து, பதவி உயர்வு வாங்கி, கடைசி ஏழு ஆண்டுகளுக்கு இந்தப் பிரிவுக்கு வந்தேன். இது தண்டனைப் பதவி என்று சக அதிகாரிகள் துக்கம் விசாரித்தார்கள். போலீஸ்காரனுக்குச் சிறை என்பது வேலை முடிகிற இடம். கதவைச் சாத்திவிட்டு வந்த வீட்டுக்குள் மறுபடி ஏன் போகிறாய் என்றார்கள்.

அலுவலகம் ஆழ்வார்பேட்டையில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. பலகை கிடையாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் எஸ்.பி. ராமநாதன் சார். புகார் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் கைதிகளின் மனைவியோ அம்மாவோதான். யாராவது பார்த்துவிட்டால் பல் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படியேறி வருவார்கள். மேலே வந்து உட்கார்ந்த பிறகும் சிலருக்குக் கையை எடுக்கத் தோன்றாது. முதல் மாதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ராமநாதன் சார் மயிலாப்பூரில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கிருந்தே அலுவலகத்துக்கு நடந்து வந்தவர். கோப்பை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலருகே நின்றுகொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். திட்ட மாட்டார். தவறு இருந்தால் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன தவறு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புள்ளிக்காக நான் இரண்டு நாள் முழித்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால், நேரில் பார்க்காத ஒன்றை "பார்த்தேன்" என்று எழுதியிருந்தேன்.

அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் முக்கியமானது பன்னிரண்டு பேர் பட்டியல். சிறைக்குள் ஒரு கைதி நமக்கு ஏதோ சொல்ல விரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை விசாரிக்க வேண்டும் என்று சிறை நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினால், எழுதிய நிமிடமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டோம். அதனால் பன்னிரண்டு பேர் பெயரை எழுதுவோம். பதினோரு பேர் சும்மா. நமக்கு வேண்டியவன் முதலிலும் இருக்கக் கூடாது, கடைசியிலும் இருக்கக் கூடாது. எல்லோரிடமும் சாப்பாடு, தண்ணீர், கக்கூஸ் என்று ஒரே மாதிரி கேட்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே அளவு நேரம் பேச வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துக்கொள்வோம்.

"பன்னெண்டு பேருக்கும் பன்னெண்டு நிமிஷம்" என்பார் ராமநாதன் சார். "சிரிச்சாலும் பன்னெண்டு, அழுதாலும் பன்னெண்டு. மிச்சம் இருந்தா அடுத்த மாசம் புதுப் பட்டியல் போட்டுண்டு போங்கோ. அவசரம் நமக்குத்தான். அவன் எங்கயும் போயிடப் போறதில்லே."

இந்த முறையில் சில வழக்குகளை முடித்தோம். சிறையில் கைதியைப் பார்க்கப் போவதை இங்கே 'மனு பார்ப்பது' என்பார்கள். அந்த மனு வரிசையில் முன்னால் நிற்க வைக்கக் காசு வாங்கிக்கொண்டிருந்த ஒரு வார்டரைப் பிடித்தோம். பத்திரிகையில்கூட வந்தது. ஒன்றரை வருடம் கழித்து அந்த வார்டரை வேறொரு சிறையின் மனு வரிசையிலேயே பார்த்தேன். சீருடையில் இருந்தார். எனக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். நானும் பதிலுக்கு அடித்தேன். வேறு என்ன செய்வது?

ராமநாதன் சார் ஓய்வுபெற்ற சில மாதங்களில் சரளா வந்தாள். பிரிவின் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. அவளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவள். குடிசையை எடுத்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, அப்படியே எங்கள் படியேறியிருந்தாள்.

அவள் கணவன் பழனி தண்டனைக் கைதி. ஏரியாவில் நடந்த அடிதடியில் ஒருவன் செத்துப்போனான், கூட்டத்தில் பழனியும் இருந்தான். பல வருடம் கழிந்துவிட்டது. நன்னடத்தைக்காக முன்கூட்டியே விடுவிக்கும் பட்டியலில் அவன் பெயர் போயிருந்தது. சில மாதங்களில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பத்தாவது வரை படித்தவன் என்பதால் சிறை ஆஸ்பத்திரியில் எடுபிடியாகப் போட்டிருந்தார்கள். எந்தக் கட்டிலில் யார் என்று நோட்டில் எழுதுவது அவன் வேலை.

"துட்டு இருக்கறவனுக்குத்தான் சார் கட்டிலு" என்றாள் சரளா. "நெஞ்சு வலின்னு சொல்லிக்கினு வந்து படுத்துக்கறான். ஃபேன் கீது, வூட்டு சோறு கீது. நெஜமா மூச்சு வாங்கறவன் செல்லுல கெடக்கறான். போன மாசம் ஒரு பெரியவரு அப்பிடியே பூட்டாரு. எங்க வூட்டுக்காரு கையாலதான் அவரு பேரை அடிச்சிட்டு வேற பேரு எழுத சொன்னாங்களாம். அத்த சொல்லணும், சொல்லலன்னா சோறு எறங்கலன்றாரு."

மனு பார்க்கும் இடத்தில் இரண்டு கம்பி வலைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதற்கு நடுவே இந்த விஷயத்தை அவன் நான்கு மனுவில் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தான். அவள் பஸ்ஸில் ஒட்டுப்போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அவருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல சார்? வர்ற நேரம் இது."

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். "எங்ககிட்ட அதுக்கு ஒரு முறை இருக்கு."

நம்பித்தான் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால்கூட இன்று இவ்வளவு வலிக்காது.

பன்னிரண்டு பேர் பட்டியல் போட்டோம். பழனி ஏழாவது. என்னோடு இன்ஸ்பெக்டர் ஜெயந்தி வந்தார். என் கீழ் வேலை பார்த்தவர்களிலேயே கெட்டிக்காரர். காலை ஒன்பது மணிக்குச் சிறைக்குள் போய் உட்கார்ந்தோம். முதல் கைதியைக் கூட்டிவரவே இருபது நிமிடம் ஆயிற்று. அறை வாசலில் ஒரு நடுத்தர வயது வார்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டியவர் அவர். மடியில் பதிவேடு விரித்தபடி இருக்க, பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆறு பேர் முடிந்து பழனி வந்தான். ஒல்லியான ஆள். உட்காரச் சொன்னேன், விளிம்பில் உட்கார்ந்தான். எழுதிக்கொண்டு வந்தால் சோதனையில் மாட்டிவிடும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தான். கட்டில் எண், பெயர், படுத்த தேதி, போன தேதி, யாருக்குப் பதிலாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை லேசாக ஆட்டிக்கொண்டு சொன்னான். குறுக்கே ஒரு கேள்வி கேட்டேன். அறுந்துபோயிற்று. "மொதல்லேர்ந்து வரேன் சார்" என்று மறுபடி ஒன்றாம் கட்டிலில் ஆரம்பித்தான்.

பன்னிரண்டாவது நிமிடம் ஜெயந்தி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் விடுங்கள் என்று தலையாட்டினேன். எனக்கு அவசரம். அப்படி ஒரு சாட்சி ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்த மாதத்துக்குள் இவன் விடுதலையாகிவிடலாம், வெளியே போனவன் பேச மாட்டான் என்று கணக்குப் போட்டேன்.

கடைசியில் அந்தப் பெரியவருக்கு வந்தான். மூச்சுவிட முடியாமல் செல்லுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே செத்துப்போனவர். "அவரு பேரை நான்தான் சார் அடிச்சேன். ஸ்கேல் வெச்சு நீட்டா அடிச்சேன்" என்றான். அதற்கு மேல் அழுதான். அழுது முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

அவன் உள்ளே வந்தது பத்து முப்பத்திரண்டு. வெளியே போனது பதினொன்று இருபத்து நான்கு. ஐம்பத்திரண்டு நிமிடம்.

பன்னிரண்டு மணிக்கு மதிய லாக்கப். கைதிகளை எண்ணி அடைக்க வேண்டும் என்று வார்டர்கள் பரபரத்தார்கள். மிச்சமிருந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஏழு நிமிடம்தான் கிடைத்தது.

கிளம்பும்போது வாசல் வார்டர் பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போடப் போனவன் நிறுத்தினேன். ஒன்பது மணி, ஒன்பதேகால், ஒன்பதரை என்று பன்னிரண்டு பேருக்கும் கால் மணி கால் மணியாக வரிசையாக எழுதி வைத்திருந்தார். பழனிக்குப் பத்தரை முதல் பத்தே முக்கால். ஒன்றுகூட உண்மையில்லை.

"என்னய்யா இது?" என்றேன்.

"தோராயமா போட்டிருக்கேன் அய்யா. எப்பவும் அப்படித்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய்ப் பதிவேட்டைத் தோண்டத்தானே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். என் நோட்டில் குறித்திருந்த நேரத்தைப் பார்த்து, பதிவேட்டின் பன்னிரண்டு வரியையும் சிவப்பு மையால் திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

ஜெயந்தி குனிந்து மெதுவாக, "இருக்கட்டுமே அய்யா" என்றார்.

"தப்பான பதிவுல நான் கையெழுத்துப் போட்டதில்லம்மா. இன்னிக்கும் போட மாட்டேன்" என்றேன்.

வார்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டை வாங்கி மூடினார். அவர் சோம்பேறித்தனத்தால் அப்படி எழுதினாரா, உள்ளே நடப்பது புரிந்து எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியவில்லை. அடுத்த முறை போனபோது அந்த ஸ்டூலில் வேறொருவர் இருந்தார்.

காரில் ஏறி, பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு பேருக்கு எதிரே பன்னிரண்டோ ஏழோ. ஒரே ஒருவனுக்கு எதிரே ஐம்பத்திரண்டு, அதுவும் சிவப்பு மையில், என் ஒப்பத்தோடு. ஜெயந்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அறையிலேயே தெரிந்திருக்கிறது. நான் அவருக்கு மேலதிகாரி. அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்? திரும்பிப் போய்ப் பதிவேட்டைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டியது ஆகும். அன்று பிற்பகலே மேலிடத்துக்கு எழுதினேன். பழனியை உடனே மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் வாக்குமூலம் பதிய வேண்டும், அதுவரை வேறு காவலில் வைக்க வேண்டும் என்று கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

நான்காம் நாள் பழனியின் பாயில் ஒரு செல்போன் கிடைத்தது. ஐந்தாம் நாள் அவனைத் தெற்கே ஒரு சிறைக்கு மாற்றினார்கள். நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தது. செல்போன் வழக்கால் விடுதலைப் பட்டியலிலிருந்து அவன் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். நாங்கள் ஆஸ்பத்திரி நோட்டைக் கைப்பற்றப் போனபோது எட்டு மாதப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. ஸ்கேல் வைத்து அடித்த ஒரு கோடும் அதில் இல்லை. எல்லாக் கட்டிலுக்கும் டாக்டர் சீட்டு பொருந்தியது.

நான் தினமும் மேலிடத்துக்கு போன் செய்தேன். நேரில் போய் நின்றேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் பழனி குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தான் என்று தகவல் வந்தது. தலையின் பின்பக்கம் அடி. விசாரணை நடந்தது. தரையில் பாசி இருந்ததாக எழுதினார்கள். வேறு எதையும் யாராலும் நிரூபிக்க முடியவில்லை, என்னாலும்தான்.

என் தவறை இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். என் மேல் நடவடிக்கை எடுங்கள் என்றே எழுதினேன். "பார்க்கப்பட்டது" என்ற ஒரு சொல்லோடு கோப்பு திரும்பி வந்தது. பதிவேட்டில் உண்மையை எழுதியவனைத் தண்டிக்க எந்த விதியிலும் இடமில்லையாம். அந்த வருடக் குறிப்பில் என்னைப் பற்றி "பதிவுகளில் மிகவும் கவனமானவர்" என்று பாராட்டியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு ராமநாதன் சாரைப் பார்க்க மயிலாப்பூர் போனேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நகலை வாங்கி ஜன்னலருகே போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார், ஏழாவது வரியில் என் சுருக்கொப்பத்துக்கு எதிரே கொண்டுபோனார். புள்ளி வைக்கவில்லை. பென்சிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"நேரத்தை மீறினது உம்ம தப்பு" என்றார். "ஆனா இதை நானும் திருத்தித்தான் இருப்பேன், ஓய். இத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் இதைத்தானே சொல்லிண்டு இருந்தேன்." பிறகு உட்கார்ந்துவிட்டார். கையில் தாளை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். ஆத்துல யாரும் இல்லை, காபி போடத் தெரியாது என்று மன்னிப்புக் கேட்டார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. நேர்மையாக இரு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நாங்கள் இருந்தோம். அந்த நேர்மை ஒரு மனிதனை அடையாளம் காட்டிக்கொடுத்த சிவப்பு மை ஆயிற்று. எதிராளிகள் எங்களை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் போதும் என்று இருந்தது. இதற்கு மருந்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பொய் எழுதுங்கள் என்று புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கவா? அதனால்தான் முட்டி வலி என்றேன்.

இப்போது நேரத்தை இயந்திரமே எழுதிவிடுகிறது, யாரும் திருத்த முடியாது என்று அந்த டி.எஸ்.பி. சொன்னார். அந்த நேரப் பதிவு சிறை அலுவலகத்தின் கண்ணில் படாமல் செய்யுங்கள் என்று நேற்று போன் செய்தேன். கடிதமாகக் கொடுங்கள் சார், மேலே அனுப்புகிறோம் என்றார். கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும்.

சரளாவைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவள் ஆழ்வார்பேட்டை அலுவலகத்துக்கு வந்தாள். படியேறும் சத்தம் கேட்டு எழுந்து நின்றேன். இந்த முறை கன்னத்தில் கை இல்லை. என்ன கேட்டாலும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். ஏன் சாகவிட்டீர்கள் என்று கேட்பாள், சட்டையைப் பிடிப்பாள், பிடிக்கட்டும் என்று நின்றேன். ஜெயந்தி தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு உங்ககிட்ட பேசினாரா சார்?"

"பேசினாரும்மா."

"எவ்ளோ நேரம்?"

ஜெயந்தி அறையைவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஐம்பத்திரண்டு நிமிஷம்" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. "அவ்ளோ நேரமா" என்றாள். "மனுல எனக்கு ஒருவாட்டியும் கால் மணி நேரம் முழுசா கெடச்சதில்ல சார். கத்திக் கத்தி, பாதி காதுல வுழாது. உங்ககிட்ட குந்திக்கினு நிம்மதியா பேசிக்கீறாரு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னா இன்னா பேசினாரு, மொதல்லேர்ந்து சொல்லு சார்."

என் நோட்டைத் திறந்தேன். ஒன்றாம் கட்டிலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.